தொடர்புக்குரிய ஆசிரியர்

நவம்பர் 2, வியாழன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முருங்கை மரத்தில் அப்பியிருந்த கம்பளிப்பூச்சிகளைக் கொளுத்தினேன். மூங்கில் கழியில் பழைய துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, பற்றவைத்து, அடிமரத்தில் கொத்தாக இருந்த இடமெல்லாம் காட்டினேன். இவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து நின்று, "மரத்தையே வெட்டிடலாம்னா கேக்க மாட்டே" என்றார். வருடா வருடம் மழைக்காலத்தில் சொல்வதுதான். ஒரு பூச்சி முழங்கையில் விழுந்து தடித்துவிட்டது. விபூதியைத் தேய்த்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

நூலகர் அல்போன்ஸ் சார் ஆள் அனுப்பியிருந்தார். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் தில்லி அலுவலகத்திலிருந்து கடிதம். என் ஆராய்ச்சித் திட்டத்தில் வெளியான பதினோரு கட்டுரைகளையும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி கல்லூரியின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். முப்பதாம் தேதிக்குள் ஏற்றி அவர்களுக்குத் தெரிவிக்காவிட்டால் இரண்டாம் கட்டத் திட்டத்துக்கான என் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி, அதனால் அது பொதுமக்களுடையது என்று ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக் கழிவுநீரில் இருக்கும் சயனைடைத் தின்கிற பாக்டீரியாவைப் பற்றிப் படிக்காமல் எந்தப் பொதுமக்கள் தூக்கம் வராமல் தவிக்கிறார்களோ.

"பத்து நிமிஷ வேலை மேடம்" என்றார் அல்போன்ஸ் சார். பத்திரிகைகளில் வந்த பிடிஎஃப் பதினொன்றையும் கொடுத்தேன். ஏற்றிவிட்டார்.

நவம்பர் 8, புதன்

பத்து நிமிட வேலை திரும்பி வந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் வடிவமைத்த பிடிஎஃப் அவர்கள் சொத்து, அதைப் பொதுவில் போடுவது குற்றம், உடனே எடுங்கள் என்று தில்லியிலிருந்து மின்னஞ்சல். கல்லூரி முதல்வருக்கும் ஒரு பிரதி. அவர் கூப்பிட்டு, "என்னம்மா, ஜெயிலுக்கு நான் மட்டும் போகணுமா, நீங்களும் வர்றீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அல்போன்ஸ் சாருக்கு இப்போதுதான் விதியை முழுதாகப் படிக்க நேரம் கிடைத்திருக்கிறது. "ஒரு கட்டுரைக்கு மூணு வடிவம் மேடம். நாம முதல்ல அனுப்பறது ஒண்ணு. அவங்க கேட்ட திருத்தமெல்லாம் செஞ்சு, சரின்னு ஏத்துக்கிட்டது ரெண்டாவது. அதை அழகா கோத்து அச்சுல போடறது மூணாவது. மூணாவதைத் தொடக் கூடாது. ரெண்டாவதைத்தான் போடணும். பொண்ணுக்கு மேக்கப் போடறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோன்னு வெச்சுக்கங்க."

பத்துக் கட்டுரைகளின் இரண்டாவது வடிவம் லேப் கணினியில் இருந்தது. இப்போது என்னிடம் ஆராய்ச்சி செய்யும் ஷமீமா அரை மணியில் தேடிக் கொடுத்துவிட்டாள். பதினொன்றாவது மட்டும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் வந்தது. அதிகம் பேர் மேற்கோள் காட்டியது அதுதான். அந்த ஒன்றால்தான் இந்தத் திட்டத்துக்கே ஒரு பெயர்.

அதில் அப்போது வேலை செய்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று ஷமீமாவிடம் சொன்னேன்.

நவம்பர் 10, வெள்ளி

எங்கள் துறையில் ஒரு வழக்கம். கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டுமென்றால் வழிகாட்டியின் பெயரில் மின்னஞ்சல் முகவரியை மாணவியே திறந்துவிடுவாள். கடவுச்சொல் அவளிடம் இருக்கும். கட்டுரையின் அடியில் தொடர்புக்குரிய ஆசிரியர் என்று என் பெயரும் அந்த முகவரியும் அச்சாகும். எங்களுக்கு இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்லிக்கொள்வோம். பத்திரிகைத் தளத்தில் பதினெட்டுப் பக்கம் நிரப்பத் தெரியாது என்பதுதான் நிஜம்.

பதினொன்றாவது கட்டுரை அப்படி ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. என் பெயரில் இருக்கும் பெட்டி. நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

நூலகத்தில் உட்கார்ந்து முயன்றோம். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், 38 என்று முடியும் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்கிறது. மூன்று முறை அழுத்தினோம்.

"இது யார் நம்பர் மேடம்?"

தெரியவில்லை என்றேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அதிரசம் எண்ணெயிலேயே உதிர்ந்துவிட்டது. பாகு முற்றவில்லை.

வாழ்த்துச் செய்திகளை அழித்துக்கொண்டு வரும்போது கைபேசியில் 'கோகிலவாணி லேப்' என்ற பெயரைத் தாண்டினேன். 38 என்றுதான் முடிகிறது.

நவம்பர் 14, செவ்வாய்

பத்திரிகைக்கே எழுதிக் கேட்டேன். ஏற்கப்பட்ட வடிவம் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சலில் இருக்கும், அவரை அணுகுங்கள் என்று பதில் வந்தது. அந்த ஆசிரியர் நான்தான் என்று எழுதினேன். அப்படியானால் அந்த மின்னஞ்சலிலிருந்து எழுதுங்கள் என்றார்கள்.

மதியம் செய்முறைத் தேர்வு. வெளித் தேர்வாளர் தயிர் சாதத்துக்கு மோர் மிளகாய் இல்லையா என்று இரண்டு முறை கேட்டார்.

நவம்பர் 15, புதன்

காலையில் வீட்டிலிருந்தே இரண்டு முறை முயன்றேன். இரண்டாவது முறை அழுத்தியபோதுதான் உறைத்தது. நான் இங்கே அழுத்தும் ஒவ்வொரு தடவையும் எங்கேயோ கோகிலவாணியின் கைபேசி ஒலிக்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஐந்து முறை. யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

உடனே கணினியை மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன். மூன்றாவது பாடவேளை முடிந்து வந்து பார்த்தால் கைபேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி. ஆறு இலக்கம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. வணக்கம்கூட இல்லை. அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பத்து நிமிடத்தில் செத்துப்போகிற எண்.

நவம்பர் 18, சனி

கூப்பிட்டேன். மூன்று நாள் தள்ளிப்போட்டதற்குத் தேர்வு வேலையைக் காரணமாக எழுதலாம் என்று பார்த்தேன். எழுதவில்லை.

முதல் மணியிலேயே எடுத்தாள். "சொல்லுங்க மேடம்." என் எண்ணை அவளும் அழிக்கவில்லை.

"நல்லா இருக்கியா வாணி?"

"இருக்கேங்க மேடம். லாகின்ல இருக்கீங்களா? அழுத்துங்க, வந்ததும் சொல்றேன்."

நான் கணினி முன்னால் இல்லை. சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அப்படியானால் எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவள் கேட்காதது எனக்கு என்னவோ செய்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்றேன்.

"யாரு வீட்டுக்காரருங்க?"

"உன் வீட்டுக்காரர்தான்."

சிரித்தாள். "எனக்கு எங்க மேடம் கல்யாணம் ஆச்சு? ரிலீவிங் ஃபாரத்துல காரணம்ங்கற எடத்துல 'திருமணம்'னு எழுதுனது நீங்கதானுங்களே. எங்கப்பா அதைப் பாத்துட்டு மாப்பிள்ளை யாரும்மான்னு எங்கிட்டயே கேட்டாரு."

அந்தப் படிவத்தில் ஏதாவது ஒரு காரணம் எழுத வேண்டியிருந்தது. பெண்கள் போனால் அதைத்தான் எழுதுவோம். யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சொல்லிச் சொல்லி நானே நம்பியிருக்கிறேன்.

"இப்ப எங்க இருக்க?"

"நாம தண்ணி எடுக்க வருவமே மேடம், அதே மில்லுதான். ஜவ்வரிசியில ஈரம் பாக்கறேன், வெள்ளை பாக்கறேன். லேப் மாதிரிதான். நாத்தமும் அதேதான்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு நூலகத்திலிருந்து கூப்பிடுவதாகச் சொன்னேன். "சரிங்க மேடம், டீ டைமுக்கு அப்புறம் கூப்பிடுங்க" என்றாள்.

நவம்பர் 20, திங்கள்

கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல அல்போன்ஸ் சார் ஆறு இலக்கத்தையும் தட்டினார். பெட்டி திறந்தது. எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்றுகூட அவளே சொன்னாள். "கீழ வாங்க சார். 'ஃபைனல் ஃபைனல்'னு இருக்கும். அதுக்குக் கீழ 'ஃபைனல் உண்மையானது'ன்னு ஒண்ணு இருக்கும். அதுதாங்க."

அல்போன்ஸ் சார் சிரித்துக்கொண்டே திறந்தார். முதல் பக்கம். தலைப்பு, அதற்குக் கீழே பெயர்கள்.

"இதுல பேரு முன்ன பின்ன இருக்கே மேடம்" என்றார். "அச்சுல உங்க பேருதானே முதல்ல? இதுல ரெண்டாவதா இருக்கு. ஆர். கோகிலவாணின்னு யாரு முதல்ல?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே தீர்வும் சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர். எப்போதும் யாருக்கும் வேலையைச் சுலபமாக்கத்தான் பார்ப்பார். "வேர்ட் ஃபைல்தானே. பேரை மாத்திப் போட்டு பிடிஎஃப் ஆக்கிடலாம். அச்சுல வந்ததோட ஒத்துப்போகணும், இல்லைன்னா அதுக்கொரு கேள்வி வரும். யாரு போய்ப் பாக்கப் போறா?"

மேசையிலிருந்து குரல் வந்தது.

"மேடம், நான் வெச்சிடட்டுங்களா? சூபர்வைசர் பாக்கறாரு."

ஸ்பீக்கரை அணைத்திருக்கவில்லை. அல்போன்ஸ் சார் முகம் சுண்டிப்போய், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் "சரிம்மா, தேங்க்ஸ்" என்றேன். "பரவால்லீங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, நடந்தது நடந்தபடி எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுகிறேன்.

கட்டுரை ஏற்கப்பட்டபோது அவள் பெயர் முதலில் இருந்தது. வேலை அவளுடையது. ஆத்தூர் ஆலையிலிருந்து கழிவுநீரைக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். நாற்றம் தாங்காமல் கண்டக்டர் வாழப்பாடியில் இறக்கிவிட்டதுகூட உண்டு. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை குறைந்தது. அச்சுக்குப் போவதற்கு முன் வரிசையை மாற்றலாம், எல்லா ஆசிரியர்களும் ஒப்புதல் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பத்திரிகையின் விதியில் இருந்தது. அவள் போட்டாள். நான் வற்புறுத்தவில்லை. "உனக்கு வயசிருக்கு வாணி, அடுத்தது உன் பேர்ல போட்டுக்கலாம்" என்றுதான் சொன்னேன். சொல்லும்போது அறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்தது வரவில்லை. அவள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. அந்த விதி எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

என் வழிகாட்டி என்னையும் அப்படித்தான் நடத்தினார். அவருடைய ஆறு கட்டுரைகளில் நான் நான்காவது பெயர். இதை எழுதினால் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன்.

நவம்பர் 21, செவ்வாய்

பெட்டி இன்னும் என் கணினியில் திறந்தே இருக்கிறது. என் அறையில் தனியாக உட்கார்ந்து, அனுப்பிய கடிதங்களைப் பார்த்தேன். எதற்கு என்றால், வரிசை மாற்றச் சொல்லிப் பத்திரிகைக்குப் போன கடிதம் எப்படி எழுதப்பட்டிருந்தது என்று தெரிந்துகொள்ள.

அது இருந்தது. என் பெயரில், அவள் தட்டியது. 'கவனக்குறைவால் ஆசிரியர் வரிசை தவறாகத் தரப்பட்டுவிட்டது. இந்த ஆய்வைத் திட்டமிட்டு நடத்தியவர் முனைவர் நளாயினி அவர்களே.' தன் பெயரைக் கீழே இறக்குகிற கடிதத்தில் ஒரு இலக்கணப் பிழை இல்லை. நான் எழுதியிருந்தால் இரண்டு இருந்திருக்கும்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அதற்கு மேலேயும் கடிதங்கள் இருந்தன. அவள் கல்லூரியை விட்டுப் போன பிறகு அனுப்பியவை. நாற்பத்து மூன்று.

அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்துத்தான் படிக்க முடியும். காசில்லாதவர்கள் கட்டுரையின் அடியில் உள்ள முகவரிக்கு எழுதி ஒரு பிரதி கேட்பார்கள். நைஜீரியாவில் ஒரு ஆசிரியர். வியட்நாமில் ஒரு மாணவி. திருவனந்தபுரத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியில் ஆராய்ச்சி செய்கிறவர். பிரேசிலிலிருந்து மட்டும் ஐந்து பேர். எல்லோருக்கும் பதில் போயிருக்கிறது. கட்டுரையை இணைத்து, அன்புடன் நளாயினி என்று. பிரதி மட்டுமல்ல. அந்த பாக்டீரியா எந்தச் சூட்டில் வளரும், அட்டவணை மூன்றில் ஏன் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது என்றெல்லாம் கேட்டவர்களுக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் பதில். விட்டுப்போன நாள் ஆயுத பூஜை, ஆலை மூடியிருந்தது என்று வியட்நாம் பெண்ணுக்கு விளக்கி, ஆயுத பூஜை என்றால் என்ன என்றும் ஒரு பத்தி. கடைசிக் கடிதம் போன மாதம்.

போன வருடம் புனேயில் ஒரு கருத்தரங்கில், நைஜீரியாக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப்போலப் பொறுமையாகப் பதில் எழுதுகிறவரைப் பார்த்ததில்லை என்றார். வேறு யாரோடோ என்னைக் குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். ஆனாலும் நன்றி சொன்னேன். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படம் துறையின் அறிவிப்புப் பலகையில் ஆறு மாதம் இருந்தது.

நவம்பர் 22, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் ஒழுகுகிறது. வேறெதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 25, சனி

ஆத்தூர் போனேன். இவரிடம் மாதிரி எடுக்கப் போவதாகச் சொன்னேன்.

ஆலைக்கு முன்னால் களத்தில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. மழை வருமோ என்று நான்கு பெண்கள் வானத்தைப் பார்த்தபடியே கால்களால் கிளறிக்கொண்டிருந்தார்கள். வாணி உள்ளேயிருந்து வந்தாள். புருவம், காது மடல் எல்லாம் மாவு. நரைத்ததுபோல் இருந்தது. கிட்டே வந்ததும்தான் கொஞ்சம் நிஜமாகவே நரைத்திருந்தது தெரிந்தது. முப்பத்திரண்டு வயது.

"இதாங்களா அந்த பாக்டீரியா மேடம்?" என்றாள் கிளறிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி. "எங்க வாணி டாக்டர் ஆயிருக்க வேண்டியதுங்களாமே. ஊசி போடற டாக்டர் இல்லையாம். அப்புறம் என்னத்துக்குத்தான் அந்த டாக்டரோ."

"நீ மொத கெளறு செல்லம்மாக்கா, மழை வருது" என்றாள் வாணி.

கேட்டுக்கு எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குச் சர்க்கரை குறைவாக என்று அவளே சொன்னாள். அதை நினைவில் வைத்திருக்கிறாள் என்பதற்காக அவள்மேல் எரிச்சல் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அந்த நாற்பத்து மூன்று கடிதங்களைப் பற்றிக் கேட்டேன்.

"படிக்கணும்னு கேக்கறாங்க. இருக்கறதைக் குடுக்காம இருக்க முடியுங்களா?"

"என் பேர்ல ஏன் எழுதினே?"

"பெட்டி உங்க பேர்லதானுங்க இருக்கு." டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்க வேலைய நான் செய்யறதா நெனச்சு செய்யல மேடம். நல்லவ வேஷமும் இல்ல. அதைப் பத்திப் பேச எனக்கு வேற யாரு இருக்கா? இங்க செல்லம்மாக்காகிட்டயா பேச முடியும்? அந்த வியட்நாம் புள்ள கேட்டுச்சு பாருங்க, மூணாவது அட்டவணை. அதை யாராச்சும் கேப்பாங்கன்னு நாலு வருஷமா காத்திருந்தேன். நீங்ககூடக் கேட்டதில்ல."

கேட்டதில்லை. நான் அந்த அட்டவணையைக் கவனித்ததே செவ்வாய்க்கிழமைதான்.

ஆய்வேடு என்ன ஆயிற்று என்றேன்.

"எழுதி முடிச்சுதாங்க வெச்சிருக்கேன். பீரோ மேல இருக்கு. வர்ற டிசம்பர் முப்பத்தொண்ணோட பதிவு முடியுது. உங்களுக்குத் தெரியுமே, கடைசி நீட்டிப்புக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

"ஒரு கட்டுரை இருந்தா குடுத்துடலாம் இல்ல?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை. எடை போடும் இயந்திரத்தில் எண் நிற்கக் காத்திருப்பவளைப்போலப் பார்த்தாள்.

"வேண்டாம் மேடம். விடுங்க. இங்க ஒழுங்காத்தான் ஓடுது. நீங்க தில்லிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுங்க. பேரை எப்படி வேணும்னாலும் போட்டுக்குங்க. அந்த சார் சொன்ன மாதிரி யாரு பாக்கப் போறா?"

டீக்கு அவள்தான் கொடுத்தாள். நான் பையைத் திறந்து தேடுவதற்குள் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது மனது லேசாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே. வாழப்பாடி வரைக்கும் லேசாக இருந்தது.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை தீபம். அறுபத்தைந்து அகல். காற்றில் பாதி அணைந்துவிட்டது.

விளக்கு வைத்துக்கொண்டே இவரிடம் சொன்னேன். முழுக்கச் சொல்லவில்லை. ஒரு கட்டுரையில் பெயர் வரிசை மாறிவிட்டது என்று மட்டும். இவர் எண்ணெய் ஊற்றியபடியே சிரித்தார். "ஒரு பேரு முன்ன போனா என்ன, பின்ன போனா என்ன? கல்யாணப் பத்திரிகையில மாமன் பேரு விட்டுப்போனாதான் வெட்டுக்குத்து. இதுக்கு யாரு வரப்போறா?" பிறகு திரி எடுக்கக் குனிந்தவர் நிமிர்ந்து, "உன் ப்ரமோஷனுக்குக் காட்டுன கட்டுரையா?" என்றார்.

மின்சார வாரியத்தில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர்.

"ஆமா."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. மூடுன ஃபைலைத் திறந்தா உள்ள போனவங்க வெளிய வரமாட்டாங்க."

நவம்பர் 28, செவ்வாய்

ஷமீமா தன் முதல் கட்டுரையின் வரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டரை வருட வேலை. நன்றாகவே எழுதியிருக்கிறாள். முதல் பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது அவளுடையது.

"இது யார் போடச் சொன்னா?" என்றேன்.

பயந்துவிட்டாள். "தப்பா மேடம்? நம்ம லேப்ல அப்படித்தானே. முன்னாடி இருந்த அக்கா கட்டுரையைப் பாத்துதான் போட்டேன். நீங்க சொல்றதுக்கு முன்னாடியே போட்டுட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்காதுன்னு..."

சங்கடமாக இருக்காது. இருபத்தாறு வயதுப் பெண் எனக்காக யோசித்திருக்கிறாள். வாணியிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியிருந்தது. இவளிடம் அதுகூட வேண்டியிருக்கவில்லை.

மாற்றிப் போடு என்றேன். எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டாள். உன் பேரை முதலில் போடு என்று சொல்வது அவளிடமிருந்து எதையோ பிடுங்குவதுபோல இருந்தது. சொன்னேன். "நிஜமாவா மேடம்?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் முகத்தில் நன்றி இருந்தது. அவளுடையதை அவளுக்குக் கொடுத்ததற்கு.

நவம்பர் 29, புதன்

அல்போன்ஸ் சார் இரண்டு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். ஒன்று வாணியின் பெயர் முதலில் உள்ளது. இன்னொன்றில் என் பெயர் முதலில். எழுத்து வடிவம், இடைவெளி எல்லாம் கச்சிதம், ஒட்டுப்போட்டது தெரியாது. கூடவே ஒரு வரி: 'ரெண்டும் ரெடி மேடம். எதுன்னு மட்டும் சொல்லுங்க, காரணம் நான் கேக்கல.'

பதில் போடவில்லை. வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன்.

நவம்பர் 30, வியாழன்

காலையில் முதல்வர் வழியில் நிறுத்தி, "ஏத்தியாச்சாம்மா? இன்னிக்குக் கடைசி" என்றார். மதியத்துக்குள் ஆகிவிடும் என்றேன். இப்போது மணி மூன்றரை. என் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நூலகம் ஐந்து மணிக்கு மூடும்.

யோசித்துப் பார்த்ததில், வாணி பெயர் முதலில் உள்ளதை ஏற்றிவிட்டு மட்டும் சும்மா இருக்கவும் வழி இருக்கிறது. உலகத்தில் யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். விதியைப் பின்பற்றியதாகவும் ஆகும், எனக்கும் மனசாட்சி இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம், அவளுக்கு ஒரு பிரயோசனமும் இருக்காது. ஒரு மணி நேரம் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒன்று பத்திரிகைக்கு. வரிசை மாற்றம் என் பதவி உயர்வுக்காக நான் கேட்டுச் செய்தது, முதல் ஆசிரியர் ஆர். கோகிலவாணி, திருத்தம் வெளியிடுங்கள் என்று. இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு, அவள் ஆய்வேட்டை இந்தக் கட்டுரையின் பேரில் ஏற்கச் சொல்லி, ஏற்கப்பட்ட வடிவத்தையும் முதல் கடிதத்தின் நகலையும் இணைத்து. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் அவர்கள் அசைவார்களா, அசைந்தாலும் ஏற்பார்களா, தெரியாது. மூன்றாவது முதல்வருக்கு. அதை எழுதத்தான் நேரமானது. என் பதவி உயர்வுக் கோப்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்று முடித்திருக்கிறேன். கோப்பு திறந்திருக்கும்வரை என் பெயரில் இரண்டாம் கட்டத் திட்டம் வராது. ஷமீமாவை வேறு வழிகாட்டியிடம் மாற்ற வேண்டும். அவள் நன்றியும் அதோடு போகும்.

இதை நல்லெண்ணம் என்று எழுதமாட்டேன். நான்கு வருடம் அந்தப் பெயரோடு நிம்மதியாகத்தான் இருந்தேன். தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்காவிட்டால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பேன்.

நாலு மணிக்கு நூலகத்துக்குப் போய் வாணியின் பெயர் முதலில் உள்ளதை ஏற்றச் சொல்லப் போகிறேன். வரும் வழியில் மூன்று கடிதங்களையும் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிவிடுவேன். முத்திரை விழுந்த பிறகு திரும்ப வாங்க முடியாது.

இவரிடம் சொல்லவில்லை. அல்போன்ஸ் சாரிடமும் சொல்லவில்லை. வாணியிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை கைபேசியை எடுத்தேன். சொன்னால், வேண்டாம் மேடம், விடுங்க என்பாள். அதைக் கேட்கத்தான் எடுத்தேன் என்று தெரிந்ததும் கீழே வைத்துவிட்டேன்.